வீடு சந்திப்பில் ஜெபித்தோம், பாட்டி "வலி போயிடுச்சு" என்றார். அதைச் சாட்சியாகச் சொன்னது தப்பா?

அம்பத்தூர் வாலிபன்

ஜனவரி கடைசியில், குடியரசு தின விடுமுறையை ஒட்டி, எங்கள் சபை வாலிபர்கள் பன்னிரண்டு பேர் ஐந்து நாள் ஊழியத்துக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் போயிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து வீடு வீடாகப் போவது, விசாரிப்பது, ஜெபம் வேண்டுமா என்று கேட்பது, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை. சம்பா அறுப்பு நேரம். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் அறுப்பு மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும், வேலை செய்யக்கூடியவர்கள் எல்லாம் வயலிலோ களத்திலோ இருப்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் முடியாதவர்களும்தான். அதனால் போன இடமெல்லாம் மூட்டு வலி, சுகர், பிரஷர், கை கால் விழுந்தவர்கள், ஒரு வீட்டில் வலிப்பு வரும் பையன்.

மூன்றாம் நாள் ஒரு பாட்டி. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடமாக முட்டி வலி என்றார். நான், ஒரு தம்பி, ஒரு அக்கா மூன்று பேரும் முட்டியில் கை வைத்து ஜெபித்தோம். அந்தத் தம்பி உணர்ச்சிவசப்பட்டு, "இனி இந்த அம்மாவுக்கு மாத்திரையே தேவைப்படாதபடி செய்யும் ஆண்டவரே" என்றும் சொன்னான். முடித்ததும் "இப்ப எப்படிப் பாட்டி இருக்கு?" என்று நான்தான் கேட்டேன். எழுந்து நாலு அடி நடந்து காட்டி, "போயிடுச்சுப்பா" என்றார். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் சுகம் கொடுத்தார் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னேன். ஒரே கைதட்டல்.

போன வாரம் அந்த ஊர் பாஸ்டர் போன் செய்தார். பாட்டி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா அளந்து பார்த்தால் 190/110. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "அந்தப் புள்ளைங்க ஜெபம் பண்ணிட்டுப் போயிருக்கு, அப்புறமும் மாத்திரை போட்டா சாமி கோவிச்சுக்காதா" என்றாராம். முட்டி வலி? அது அப்படியேதான் இருக்கிறதாம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. ஜெபித்ததே தப்பா, ஜெபித்த விதம் தப்பா? திட்டுவதானாலும் திட்டுங்கள்.

முள்ளியாறு

தம்பி, நான் உங்கள் பாட்டி ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், போதகர் வீட்டம்மா, இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தெருக்களில் நடந்தாயிற்று. திட்ட மாட்டேன், ஏனென்றால் நீங்கள் செய்ததை எல்லாம் நாங்களும் செய்திருக்கிறோம்.

"போயிடுச்சுப்பா" என்பது எங்கள் பக்கத்தில் உபசாரம். வந்தவர்களுக்குக் கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் வாங்கிக் கொடுப்பார்கள் பாருங்கள், அந்த மாதிரி. மெட்ராஸிலிருந்து மூன்று பிள்ளைகள் வெயிலில் நடந்து வந்து, மண்தரையில் முட்டி போட்டு, தன் காலைத் தொட்டு அழுகிறார்கள். அவர்களிடம் போய் "இன்னும் வலிக்குது" என்று சொல்ல எந்தக் கிழவிக்கு மனசு வரும்? அதிலும் நீங்கள் "இப்ப எப்படி இருக்கு" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் வாசலில் நின்றிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

நாங்கள் வந்த புதிதில் ஒரு நோட்டுப் போட்டு, சுகமானவர்கள் என்று பதினாலு பேரை எழுதி வைத்திருந்தோம். அடுத்த மாதம் போனால் அதில் பதினோரு பேர் அதே வலிக்கு மறுபடியும் ஜெபம் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்த நோட்டை அடுப்பில் போட்டார்.

அப்புறம் ஒன்று, இது எல்லா வாசலிலும் போய் நிற்கும் சனம். நோய் தீர வைத்தீஸ்வரன் கோயில் பிரசாதமான திருச்சாந்துருண்டையும் சாப்பிடும், நாகூர் தர்காவில் போய் ஓதிக்கொண்டும் வரும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்தும் போகும். வேளாங்கண்ணிக் கதையே நடக்க முடியாத மோர்க்காரப் பையன் எழுந்து நடந்த கதைதானே. பாட்டி வீட்டு மாடத்தில் இந்த மூன்றில் ஏதாவது கட்டாயம் இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டால் இங்கே யாருமே வேண்டாம் என்று சொல்வதில்லை, அதை சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாமி கோவிச்சுக்கும் என்றாரே, அது பத்தியக் கணக்கு. மந்திரித்துக்கொண்டு வந்தால் இத்தனை நாள் மீன் கவிச்சி ஆகாது என்பார்கள் இல்லையா? அந்தத் தம்பி ஜெபத்தில் மாத்திரை என்ற வார்த்தையை எடுத்தானே, அவன் ஆண்டவரிடம் சொன்னான், பாட்டி அதைத் தனக்குச் சொன்ன பத்தியமாக எடுத்துக்கொண்டார்.

குடந்தை விசுவாசி

சிஸ்டர், மரியாதையோடு மறுக்கிறேன். எல்லாவற்றையும் உபசாரம் என்று சொல்லிவிட்டால் விசுவாசத்துக்கு என்ன மிச்சம்? வியாதியஸ்தர்மேல் கை வைக்கச் சொல்லி மாற்கு 16-இல் இருக்கிறது, மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லி யாக்கோபு 5-இல் இருக்கிறது. நாம் சந்தேகப்பட்டுக்கொண்டே போய் நின்றால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது.

என் சொந்த விஷயத்தையே சொல்கிறேன். என் அப்பா பதினாறு வருடம் குடித்தவர். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, மனிதர் தேற மாட்டார் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு சகோதரர்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். குடியை விட்டார். இன்றைக்கும் காலையில் சைக்கிளில் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வருகிறார். இதை நான் சாட்சியாகச் சொல்லக்கூடாதா?

முள்ளியாறு

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்தச் சகோதரர்கள் எத்தனை தடவை வந்தார்கள்?

குடந்தை விசுவாசி

வியாழக்கிழமை தவறாமல் வருவார்கள். எட்டு மாதம் இருக்கும். ஆஸ்பத்திரிக்கும் அவர்கள்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது.

இரவு டியூட்டி

நான் டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையில் செவிலியர். விசுவாசியும்தான். இரண்டு பக்கமும் அடி வாங்குவேன் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வலி உண்மையிலேயே குறைந்திருக்கலாம், பாட்டி பொய் சொன்னார் என்றே வைத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கை வைத்து, பத்து நிமிடம் உன்னையே நினைத்துப் பேசினால் வலி இறங்கும். உடம்பே வலியைக் குறைக்கிற ரசாயனத்தைச் சுரக்கிறது. வார்டில் தினமும் பார்க்கிறேன், ஊசி போடுவதற்கு முன்பே "இப்ப பரவாயில்ல சிஸ்டர்" என்பார்கள். ஆனால் சில மணி நேரம், சில நாள், அவ்வளவுதான். முட்டியில் தேய்ந்த எலும்பு தேய்ந்தபடியேதான் இருக்கும்.

முட்டி வலி போனதா இல்லையா என்று பாட்டியால் சொல்ல முடியும். பிரஷர் போனதா என்று அவரால் சொல்லவே முடியாது, பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது. 190/110 என்பது விளையாட்டு இல்லை, ஒரு நாள் காலையில் ஒரு பக்கம் விழுந்துவிடும். நீங்கள் போன தெருவில் கை கால் விழுந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்களில் பாதிப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், மாத்திரையை விட்ட கதை இருக்கும்.

அதைவிட எனக்குப் பயம் அந்த வலிப்புப் பையனை நினைத்துத்தான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ச்சியாக வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறு வயதிலேயே சுகர் வந்து இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்தினால் சில நாள்கூடத் தாங்காது. டிபி என்றால் சாதாரணமாக ஆறு மாதம் மருந்து, இரண்டாவது மாதமே இருமல் நின்றுவிடும், அந்த நேரத்தில் யாராவது வந்து ஜெபித்தால் சுகமாகிவிட்டது என்று நிறுத்துவார்கள், அப்புறம் மருந்துக்கே அடங்காத கிருமியோடு எங்களிடம் வருவார்கள். தம்பி, அந்தப் பையன் வீட்டுக்கு இன்றைக்கே பாஸ்டரை அனுப்புங்கள். இதைப் படித்ததும் முதலில் அதைச் செய்யுங்கள், மற்ற விவாதம் அப்புறம்.

வேத வசனம் கேட்பவர்களுக்கு: பத்துக் குஷ்டரோகிகளிடம் போய் ஆசாரியருக்குக் காண்பியுங்கள் என்று இயேசு சொன்னார். அந்தக் காலத்தில் சுத்தமாகிவிட்டான் என்று பார்த்துச் சொல்லும் வேலை ஆசாரியனுக்குத்தான். இன்றைக்கு அந்த நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்திக்கொள்ளலாம்.

அம்பத்தூர் வாலிபன்

அக்கா, பாஸ்டரிடம் பேசிவிட்டேன். பையன் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறான், அவன் அம்மா எங்களைவிட விவரமானவர். மூச்சு வந்தது.

கொரடாச்சேரி

நான் கிறிஸ்தவன் இல்லை, இந்த இழை கண்ணில் பட்டது, படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

எங்கள் அம்மா வீட்டுக்கும் இப்படி ஒரு குழு வந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஜெபித்தார்கள், அம்மாவும் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மோர் கொடுத்தார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. கஜா புயல் அடித்து, 2018 நவம்பரில், தென்னை எல்லாம் படுத்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது யார் யாரோ வந்தார்கள், சாமி பெயர் கேட்டா அரிசி வாங்கினோம்?

பிரச்சனை என்னவென்றால், ஒரு பையன் போனில் வீடியோ எடுத்திருக்கிறான். பத்து நாள் கழித்து என் தங்கை அனுப்புகிறாள், முகநூலில் அம்மா, தலை கலைந்து, கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கீழே "குருடர் பார்வையடைகிறார்கள்" என்று எழுதியிருக்கிறது. அம்மா குருடு இல்லை. அந்தக் கண்ணைப் பிறகு நாங்கள் ஆபரேஷன் செய்தோம். உறவுக்காரர்கள் போன் போட்டு, "அம்மா மதம் மாறிட்டாங்களாமே" என்றார்கள். என் அம்மா இரண்டு நாள் கோயிலுக்குப் போகவில்லை, கூச்சப்பட்டுக்கொண்டு. அந்த இரண்டு நாளை யார் திருப்பிக் கொடுப்பது? அறுபத்தெட்டு வயதில் வீடு தேடி வந்தவர்களுக்கு மோர் கொடுத்த தப்புக்கு.

குடந்தை விசுவாசி

அண்ணா, வெட்கமாக இருக்கிறது. அதற்கு எந்த வசனமும் துணைக்கு வராது. சுகம் கொடுத்ததை யாருக்கும் சொல்லாதே என்றுதான் இயேசு பல இடத்தில் சொல்லியிருக்கிறார், நாங்கள் கேமராவோடு போகிறோம்.

கணக்குப்புலி

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் எண்ணும் பேசலாமா? அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2006-இல் வெளியானது. மூன்று பிரிவு. தங்களுக்காக ஜெபிப்பார்களா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவினரில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால் "உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்" என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். ஆள் வைத்து ஜெபிக்கிற அளவுக்கா நம் நிலைமை மோசம் என்று பயந்திருக்கலாம் என்றும் ஒரு யூகம் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்ச் சத்தமாக ஜெபிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முள்ளியாறு

ஐயா, அந்த ஆய்வில் ஜெபித்தவர்கள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெயரும் இன்ஷியலும் கொடுத்து ஜெபிக்கச் சொன்னார்கள். நாங்கள் பேசுவது திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, சேர்ந்து செய்வதைப் பற்றி. அதை அளக்கும் தராசு என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. ஆனால் பயந்திருக்கலாம் என்ற அந்த யூகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். சும்மா கால் வலி என்று சொன்ன பெண்ணிடம் பத்துப் பேர் சுற்றி நின்று, ஆவியில் நிறைந்து பேசுவதாகச் சொல்லும் அந்நிய பாஷையில் கத்தி, அந்தப் பெண் தனக்கு ஏதோ பெரிய நோய் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

தரங்கை லுத்தரன்

எங்கள் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்கிய இடம் அது. ஜெபத்தில் குறைந்த ஆட்கள் இல்லை அவர்கள். அப்படியும் ஜெர்மனியில் ஹாலேயிலிருந்து மருந்துப் பெட்டி வந்தது, 1730-இல் ஒரு மருத்துவரையே அனுப்பினார்கள். பாவம், அவர் வந்த வருடமே இறந்துபோனார். சீகன்பால்குவே 1719-இல் 36 வயதில் நோயில்தான் இறந்தார், அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள் கல்லறை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வீர்களா?

பவுலும் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிக்காரனாக மிலேத்துவில் விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்கிறார், வீட்டு வைத்தியம். இதெல்லாம் சுகமளிக்கும் கூட்ட நோட்டீஸில் வருவதில்லை.

நோட்டீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: 1954-ஆம் வருட மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டம் இன்னும் இருக்கிறது. சுகர், பிரஷர், வலிப்பு, புற்றுநோய் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. மந்திரம், தாயத்தால் இவை குணமாகும் என்று விளம்பரம் செய்வது குற்றம். சுகமளிக்கும் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

மன்னை வாசி

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் சபைக்கு வெளிநாட்டிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள், டூரிஸ்ட் விசா. வீடு சந்திப்புக்குக் கூட்டிப் போகலாமா?

தரங்கை லுத்தரன்

வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் வந்தவர்கள் மதப் பிரசங்க வேலை செய்ய அனுமதி இல்லை, மிஷனரிகளுக்குத் தனி விசா. ஆலயத்தில் ஆராதனைக்கு வந்து உட்காரட்டும். தெருவில் வெள்ளைக்காரர் ஜெபித்தால், கை வலி இல்லாதவர்கள்கூடக் கையை நீட்டுவார்கள், அது வேறு தலைவலி.

அம்பத்தூர் வாலிபன்

அப்படியானால் அடுத்த வருடம் நாங்கள் என்னதான் செய்வது? போகாமலே இருந்துவிடவா? முள்ளியாறு அக்கா, நீங்கள் இப்போது எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.

முள்ளியாறு

போகாமல் இருக்காதீர்கள். பகல் முழுதும் பேச ஆள் இல்லாமல் கிடக்கும் கிழவிகளுக்கு நீங்கள் வருவதே பெரிது.

நாங்கள் இப்போது வாசலில் நின்று பெயர் சொல்லி, எந்தச் சபை என்று சொல்லி, உள்ளே வரச் சொன்னால் மட்டும் போவோம். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்கள் நுழைவதில்லை. முதலில் உட்காருவோம். உடனே ஜெபத்தில் இறங்க மாட்டோம், எந்தத் தெருவில் கட்டிக்கொடுத்தது, பேரப்பிள்ளை எத்தனை, குறுவை எப்படி இருந்தது, இதெல்லாம் ஓடும். நோய் என்று சொன்னால் "என்ன மாத்திரை போடுறீங்க, அட்டையைக் காட்டுங்க" என்போம். மாத்திரை தீர்ந்திருக்கும், அல்லது புருஷன் மாத்திரையைப் பெண்டாட்டி போட்டுக்கொண்டிருப்பார், இரண்டும் பார்த்திருக்கிறேன். அப்புறம், "என்னத்துக்காக ஜெபம் பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வோம். இதுதான் கஷ்டம். பர்திமேயு குருடன் என்பது ஊருக்கே தெரியும், அவனிடமே நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார். நாங்கள் கேட்க ஆரம்பித்த பிறகு பாதிப் பேர் நோயையே சொல்வதில்லை. வாரக் கடன் கட்ட வேண்டும், மருமகள் பேசுவதில்லை, சின்னவன் குடிக்கிறான்.

ஜெபம் சின்னதாக, சத்தமில்லாமல். கை வைப்பதென்றால் கேட்டுவிட்டு, பெண்களுக்குப் பெண்கள். "சுகம் தாரும்" என்று கேட்பேன், தாராளமாகக் கேட்பேன், எனக்கு அதில் சந்தேகம் இல்லை, ஒன்றிரண்டு தடவை காரணம் சொல்ல முடியாததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் "சுகமாயிற்று" என்று நான் அறிவிக்க மாட்டேன். மருந்துக்காகவும் மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்காகவும் சேர்த்தே ஜெபிப்பேன், பாட்டி காதில் விழும்படி. முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்பதே இல்லை. "அடுத்த செவ்வாய் வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். சொன்னால் போக வேண்டும், ஐந்து நாள் வேனில் வருபவர்களுக்கு இங்கேதான் இடிக்கிறது. அதனால் உள்ளூர் ஆள் இல்லாமல் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள்.

அம்பத்தூர் வாலிபன்

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை நைட் பஸ் பிடித்துத் தனியாகப் போய்விட்டு வந்தேன். பாஸ்டர் பைக்கில் கூட்டிப் போனார்.

பாட்டிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பார்த்ததும் எழுந்து நடந்து காட்டப் போனார், எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "உட்காருங்க பாட்டி, வலிக்குதுன்னு தெரியும்" என்றேன். சிரித்துவிட்டார். "நீ அழுதியா, அதான் அப்படிச் சொன்னேன். உன் மனசு நோகக்கூடாதுல்ல" என்றார். நானும் அந்தத் தம்பி சொன்னதைப் பற்றிச் சொன்னேன், மாத்திரை போட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார், தெரியாமல் சொல்லிவிட்டான் என்று. "அவனுக்கு வயசு என்ன, பத்தொம்பதா, சரி விடு" என்றார். மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். மறுபடி ஆரம்பித்துவிட்டார், பாஸ்டரம்மா பத்து நாளாகத் தினமும் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

அப்புறம் அக்கா சொன்ன மாதிரிக் கேட்டேன். "என்னத்துக்கு ஜெபம் பண்ணணும் பாட்டி?" ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்குள் பட்ட பாடு! பெரிய மகன் சிங்கப்பூரில் இருக்கிறாராம், தீபாவளிக்குப் பிறகு போன் வரவில்லையாம். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு ஜெபித்தோம். கண்ணை மூடியபடியே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு டிக்தான் விழுகிறது. அங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சபை ஆட்கள் இருக்கிறார்கள், விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு சபையில் முன்பு சொன்ன சாட்சியைத் திருத்திச் சொல்ல இரண்டு நிமிடம் கேட்டேன். எங்கள் பாஸ்டர் முதலில் யோசித்தார், பிறகு சரி என்றார்.

இரவு டியூட்டி

பாட்டிக்கு இப்போது பிரஷர் எவ்வளவு? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

அம்பத்தூர் வாலிபன்

150/90 அக்கா. மாத்திரை கொண்டுவரும் அந்த அக்கா இன்னும் கொஞ்சம் இறங்கணும் என்றார். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னதற்குப் பாட்டிக்குக் கோபம்.